ஆளுமை உளவியலில் ஆய்வு செய்யக் கற்றுக்கொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளைப் பல ஆண்டுகளாகத் திருத்திவருகிறேன். ஒவ்வொரு ஜூலையிலும் ஏழெட்டுப் பேராவது ஒரே மாதிரிக் கேள்விகளோடு வருகிறார்கள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தத் துறையில் ஆய்வு கெடுவது பெரும்பாலும் புள்ளியியலில் அல்ல, அளவுகோலில்தான் என்று நினைப்பவன் நான்.

ஆளுமை உளவியலாளர்கள் உண்மையில் எதை ஆராய்கிறார்கள்?

மனிதர்கள் ஒருவரிலிருந்து ஒருவர் எப்படி வேறுபடுகிறார்கள், அந்த வேறுபாடு எவ்வளவு காலம் நிலைக்கிறது, வாழ்க்கையில் அது எதைத் தீர்மானிக்கிறது என்பவைதாம் இத்துறையின் கேள்விகள். மனநோயைக் கண்டறிவது வேறு வேலை.

இதன் வேர் அகராதியில் இருக்கிறது. ஒரு குணம் மக்களுக்கு முக்கியமென்றால் அதற்கு ஒரு சொல் உருவாகியிருக்கும் என்பது அடிப்படை ஊகம். 1936இல் கோர்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பெர்ட்டும் வெப்ஸ்டர் அகராதியைப் புரட்டி, மனிதரை விவரிக்கும் 17,953 ஆங்கிலச் சொற்களைத் திரட்டினார்கள். அவற்றில் நிலையான குணங்களைச் சொல்பவை ஏறத்தாழ 4,500. பின்னால் வந்தவர்கள் அந்தச் சொற்களைக் கொண்டு மனிதர்களை மதிப்பிடச் செய்து, எவையெவை சேர்ந்தே வருகின்றன என்று பார்த்தார்கள். 1961இல் அமெரிக்க விமானப்படைக்காக ஆய்வு செய்த டியூப்ஸ், கிரிஸ்டல் இருவருக்கும் மீண்டும் மீண்டும் ஐந்து கொத்துகளே கிடைத்தன. இன்று புறமுகம் (பிறரோடு கலகலப்பாகப் பழகும் இயல்பு), இணக்கம், பொறுப்புணர்வு, உணர்ச்சித் தளம்பல், புதுமை நாட்டம் என்று நாம் சொல்லும் ஐம்பெரும் பண்புகளுக்கு அங்கிருந்துதான் பாதை வருகிறது.

எங்கிருந்து தொடங்குவது? இன்னும் ஆய்வுத் தலைப்புகூட இல்லை.

தலைப்பு இல்லாதது நல்லதே. முதலில் மற்றவர் திரட்டிய தரவில் கை பழகுங்கள். வினாநிரலை அச்சடித்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குக் கிளம்புவதெல்லாம் பிறகு.

'ஆர்' என்ற நிரல்மொழி இலவசம். அதில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரெவெல் எழுதிய 'சைக்' என்ற தொகுப்பு உண்டு. அதற்குள்ளேயே தங்களைப் பற்றிய 25 கூற்றுகள் எவ்வளவு பொருந்தும் என்று 2,800 பேர் அளித்த பதில்கள் இருக்கின்றன, ஒரு பண்புக்கு ஐந்து கூற்றுகள் வீதம். நிரல் எழுதப் பயமாக இருந்தால் ஜமோவி என்ற இலவச மென்பொருளில் சுட்டியால் சொடுக்கியே பெரும்பாலான வேலையை முடிக்கலாம். ஆனால் ஓராண்டுக்குள் ஆருக்கு வந்துவிடுவது உத்தமம்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் தரும் முதல் பயிற்சி இது. இணக்கத்துக்கான ஐந்து கூற்றுகளை எடுத்து, அவை ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லும் கிரான்பாக் ஆல்பாவைக் கணக்கிடச் சொல்வேன். 1ஐ நெருங்க நெருங்க ஒத்துப்போதல் அதிகம், ஆனால் 0.43தான் வரும். மாணவர் முகம் வாடும். முதல் கூற்றைப் படித்துப் பார் என்பேன். 'பிறர் உணர்ச்சிகளைப் பற்றி எனக்கு அக்கறையில்லை' என்று இருக்கும். மற்ற நான்கும் இணக்கத்தைக் கூட்டும்போது இது மட்டும் குறைக்கிறது. விடை 1 முதல் 6 வரை என்பதால் 7இலிருந்து கழித்துத் திருப்ப வேண்டும். திருப்பிக் கணக்கிட்டால் 0.70. கூற்றைப் படிக்காமல் எண்ணைத் தொடாதே என்று நான் பத்து நிமிடம் பேசிப் புரியவைக்க முடியாததை இந்த ஒரு திருப்பல் புரியவைத்துவிடுகிறது.

ஆய்வுக் கேள்வியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

'கல்லூரி மாணவர்களிடையே ஆளுமையும் மன அழுத்தமும் – ஓர் ஆய்வு' என்ற தலைப்பு இனிமேல் வேண்டாம். அதில் கேள்வியே இல்லை. உணர்ச்சித் தளம்பல் அளவுகோலில் 'எளிதில் பதறிவிடுவேன்' என்று ஒரு கூற்று, மன அழுத்த அளவுகோலில் 'கடந்த மாதம் பதற்றமாக உணர்ந்தேன்' என்று ஒரு கூற்று. இரண்டு மதிப்பெண்களும் சேர்ந்தே ஏறி இறங்குவதில், அதாவது ஒட்டுறவு வருவதில், என்ன அதிசயம்? ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டு, இரண்டு விடையும் ஒன்றாக இருக்கிறது என்று அறிக்கை எழுதுகிறோம்.

நல்ல கேள்வியின் ஒரு முனையாவது வினாநிரலுக்கு வெளியே இருக்கும். பொறுப்புணர்வு மிகுந்தவர் நூலகப் புத்தகத்தை உரிய நாளில் திருப்பித் தருகிறாரா? புறமுகம் கூடியவர் விடுதி மாறிய முதல் மாதத்தில் எத்தனை புதியவர்களோடு பேசினார்? சின்னக் கேள்விகள்தாம். ஆனால் விடை 'இல்லை' என்று வரவும் வாய்ப்பிருக்கிறது. அந்த வாய்ப்பு இல்லாத கேள்விக்கு ஆய்வு எதற்கு?

அளவுகோல்களுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

சிலவற்றுக்கு ஆம். காஸ்டாவும் மக்ரேயும் 1992இல் வெளியிட்ட ஐம்பெரும் பண்புகளை அளக்கும், 240 கூற்றுகள் கொண்ட நியோ வினாநிரல் வணிக உரிமைக்கு உட்பட்டது. அதை நகலெடுத்துக் கையில் கொடுக்கும் சீனியர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். லூயிஸ் கோல்ட்பெர்க் தொடங்கிய ஐபிஐபி என்ற பொதுக் கூற்றுத் தொகுப்பில் 3,000க்கும் மேற்பட்ட கூற்றுகள் உண்டு. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நேரம் குறைவு என்பதற்காகப் பத்தே கூற்றுகள் கொண்ட குறு அளவுகோலுக்குத் தாவாதீர்கள். ஒரு பண்புக்கு இரண்டு கூற்று என்பது நாடி பிடித்துப் பார்ப்பது போல. வேறு வழியே இல்லாதபோது உதவும், அவ்வளவுதான்.

ஆங்கில வினாநிரலைத் தமிழில் மொழிபெயர்த்துப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் இதுவே தனியாக ஓர் ஆய்வு என்ற நினைப்போடு இறங்க வேண்டும்.

வழக்கமான முறை எல்லோருக்கும் தெரியும். ஒருவர் தமிழாக்குவார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் மொழிபெயர்ப்பு சரி. இதை நம்பித்தான் நானும் ஒருமுறை ஏமாந்தேன். புறமுகத்துக்கான ஐபிஐபி கூற்றுகளில் விருந்துக் கூட்டங்களைக் களைகட்ட வைப்பவர் நான் என்ற பொருளில் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அந்த விருந்துக்குச் சொல் 'பார்ட்டி'. என் மாணவர் ஒருவர் 'கட்சியின் உயிர்நாடி நான்' என்று தமிழாக்கியிருந்தார். திரும்ப ஆங்கிலமாக்கியவர் கட்சி என்பதற்கு என்ன எழுதுவார்? 'பார்ட்டி' என்றே எழுதினார். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. கையெழுத்துப் போட்டுக் களத்துக்கு அனுப்பிவிட்டேன். ஓய்வுபெற்ற ஒருவர் 'நான் எந்தக் கட்சியிலும் இல்லை தம்பி' என்று ஓரத்தில் எழுதித் தந்த பிறகுதான் விழித்தோம்.

ஆகவே பின்மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாதீர்கள். நாலைந்து பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு கூற்றையும் வாய்விட்டு வாசித்து, மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை அப்படியே சொல்லச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. எதிர்மறைக் கூற்றுகளில் இன்னொரு பள்ளம் இருப்பதும் அப்போது தெரியும். 'நான் அதிகம் பேசுவதில்லை' என்ற கூற்றுக்கு 'உடன்படவில்லை' என்று குறித்தால் அவர் நிறையப் பேசுபவர் என்று பொருள். ஆனால் தமிழில் நாம் 'இல்லைங்க, நான் அதிகம் பேசுவதில்லை' என்று ஆமோதிப்பையே இல்லையில்தான் தொடங்குகிறோம். கணிசமானவர்கள் அந்தப் பழக்கத்தில் எதிர்ப்பக்கம் குறித்துவிடுவார்கள். அதற்குப் பதில் 'நான் அளந்துதான் பேசுவேன்' என்று எழுதி, விடைகளை 'எனக்கு மிகவும் பொருந்தும்' முதல் 'சிறிதும் பொருந்தாது' வரை அமைத்தால் குழப்பம் பெருமளவு தீரும்.

விகுதியையும் கவனியுங்கள். 'நான் அமைதியானவன்' என்றால் பாதிப் பேருக்குப் பொருந்தாது, 'அமைதியானவர்' என்று தன்னையே மரியாதையாகச் சொல்லிக்கொள்வது செயற்கை. பெயரைத் தவிர்த்து வினையாக எழுதினால் சிக்கலே இல்லை. 'எனக்குச் சட்டென்று கோபம் வரும்' என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை.

அந்த ஐந்து பண்புகள் எல்லா நாட்டவருக்கும் பொருந்துமா?

உறுதியாகப் பொருந்தும் என்று சொல்பவரையும், மேற்கத்தியச் சரக்கு நமக்கு ஆகாது என்று ஒதுக்குபவரையும் நான் ஒரே தட்டில் வைப்பேன். பொலிவியாவின் சிமானே பழங்குடியினர் 632 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில் ஐந்து கொத்துகள் தெளிவாகக் கிடைக்கவில்லை. குறைந்த, நடுத்தர வருமான நாடுகள் 23இல் திரட்டிய தரவை 2019இல் அலசியபோது, நேரில் வீடு வீடாகச் சென்று கேட்ட இடங்களில் அளவுகோல் தடுமாறியது. எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடும் பழக்கமும் அதற்கு ஒரு காரணம் என்று கண்டார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் மறுத்துப் பேசுவது மரியாதையில்லை என்று வளர்ந்த ஊர்களில் இது நமக்குப் புதுச் செய்தியா என்ன?

இந்தி மொழியின் குணச் சொற்களை மொழியின் உள்ளிருந்தே அலசி 2013இல் வெளிவந்த ஆய்வு, கிடைத்த கொத்துகளுக்குச் சாத்விகம், ராஜசம், தாமசம் என்ற முக்குணப் பெயர்களை இட்டது. தமிழிலும் வீம்பு, அழுத்தக்காரர், வெள்ளந்தி, சிடுமூஞ்சி, வாயாடி என்று சொற்கள் கொட்டிக்கிடக்கின்றன. 'அழுத்தக்காரர்' ஐந்தில் எந்தப் பெட்டியில் விழுவார்? குறைந்த புறமுகமா, குறைந்த இணக்கமா, இரண்டும் சேர்ந்ததா? முனைவர் பட்டத்துக்கே போதுமான கேள்வி இது.

எத்தனை பேரிடம் தரவு திரட்ட வேண்டும்?

'முப்பது போதும்' என்று யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள். 60 பேரிடம் 0.30 என்ற ஒட்டுறவு (0 என்றால் உறவே இல்லை, 1 என்றால் முழு உறவு) கிடைத்தால், உண்மை மதிப்பு 0.05 முதல் 0.51 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதுதான் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி சொல்வது. ஒன்றுமில்லை என்பதும் பிரமாதம் என்பதும் அதற்குள் அடக்கம். தற்செயலை உறவென்று தவறாக எண்ணும் வாய்ப்பை வழக்கமான ஐந்து விழுக்காட்டு வரம்புக்குள் வைத்து, இருக்கிற உறவை ஐந்தில் நான்கு முறை பிடிக்க வேண்டுமென்றால் 0.30க்கு சுமார் 85 பேரும், 0.20க்கு 194 பேரும், 0.10க்கு 783 பேரும் தேவை. ஒட்டுறவு ஓரளவு நிலைகொள்ள 250 பேர் அளவில் ஆகும் என்று ஷோன்பிராட்டும் பெருஜினியும் 2013இல் காட்டினார்கள். நானும் 250 என்றே சொல்லிவிடுவேன். தனியாக முடியாது என்றால் மூன்று மாணவர்கள் சேர்ந்து ஒரே தரவைத் திரட்டி, மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்.

மக்கள் தங்களைப் பற்றி உண்மையைச் சொல்வார்கள் என்று எப்படி நம்புவது?

முழுப் பொய் சொல்பவர்கள் குறைவு. தன்னைத் தனக்கே தெரியாமலிருப்பதுதான் பெரிய சிக்கல். சிமின் வசீர் 2010இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது: உள்ளுக்குள் இருக்கும் பதற்றத்தை மதிப்பிடுவதில் அவரவரே கெட்டிக்காரர், அறிவுக்கூர்மை போல நல்லது கெட்டது என்ற தீர்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கும் பண்புகளில் நண்பர் சொல்வதே சரியாக இருக்கிறது. எனவே ஒவ்வொரு பங்கேற்பாளரிடமும் அவரை நன்கறிந்த இன்னொருவரிடமும் ஒரே கூற்றுகளைக் கேளுங்கள். 'நான்' என்பதை 'அவர்' என்று மாற்றினால் போதும்.

அதையும் தாண்டலாம். சாம் கோஸ்லிங் குழுவினர் 2002இல், முன்பின் அறியாதவர்களைப் பிறருடைய படுக்கையறைக்கும் அலுவலக அறைக்கும் அனுப்பி, அங்கு இருப்பவரின் குணத்தை ஊகிக்கச் சொன்னார்கள். புதுமை நாட்டத்தை நன்றாகவே ஊகித்தார்கள். மத்தியாஸ் மேல், ஜேம்ஸ் பென்னேபேக்கர் குழுவினர் 2001இல் அறிமுகப்படுத்திய கருவி, ஆளோடு கூடவே இருந்து 12 நிமிடத்துக்கு ஒருமுறை 30 விநாடி ஒலியைப் பதிவு செய்தது. இதை இங்கே செய்ய வேண்டுமென்றால் கூட்டுக் குடும்பத்தில் பத்துப் பேரிடம் சம்மதம் வாங்க வேண்டியிருக்கும், அது வேறு விஷயம். கைப்பேசியில் தினம் ஐந்து முறை 'இப்போது யாரோடு இருக்கிறீர்கள், எவ்வளவு பேசினீர்கள்' என்று கேட்டுப் பத்து நாள் பதிவு வாங்குவது நம் கைக்கு எட்டும் முறை.

ஆல்பா 0.85 வந்துவிட்டது. அளவுகோல் சரிதானே?

அவசரப்படாதீர்கள். கூற்றுகளைக் கூட்டினாலே ஆல்பா ஏறும். கூற்றுகளுக்கு இடையே சராசரி ஒட்டுறவு வெறும் 0.20 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கூற்றுகள் இருந்தால் ஆல்பா 0.56, அதே தரத்தில் இருபது இருந்தால் 0.83. தரம் மாறவில்லை, நீளம்தான் மாறியது. 'நான் மகிழ்ச்சியானவர்', 'நான் சந்தோஷமானவர்', 'நான் ஆனந்தமானவர்' என்று ஒன்றையே மூன்று விதமாகக் கேட்டால் 0.90க்கும் மேலே போகும், அளப்பதோ ஊசிமுனை அளவு.

ஆல்பா சொல்வது கூற்றுகள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே. அவை எதை அளக்கின்றன என்பது ஏற்புடைமை பற்றிய கேள்வி. அதற்கு கேம்பெல், ஃபிஸ்க் இருவரும் 1959இல் சொன்ன வழியே இன்றும் வழி. ஒரே பண்பை வெவ்வேறு முறையில் அளந்தால் விடைகள் நெருங்க வேண்டும். வெவ்வேறு பண்புகளை ஒரே முறையில் அளந்தால் விலக வேண்டும். இரண்டாவது பாதியைச் சோதித்த ஆய்வேட்டை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

ஒட்டுறவு 0.22தான் வந்தது. ஆய்வு தோல்வியா?

இந்தத் துறையில் 0.20 என்பது வழக்கமான அளவு, 0.30 வந்தால் பெரிது. இதை வைத்தே 1968இல் வால்டர் மிஷெல் ஒரு புயலைக் கிளப்பினார். குணத்துக்கும் குறிப்பிட்ட ஒரு சூழலில் நடப்பதற்கும் ஒட்டுறவு 0.30ஐத் தாண்டுவது அரிது, அப்படியிருக்க குணம் என்று ஒன்று இருக்கிறதா என்பது அவர் எழுப்பிய ஐயம். சீமூர் எப்ஸ்டைன் 1979இல் தந்த பதில், ஒரு நாளை வைத்து ஆளை எடைபோடாதே, பல நாள் சராசரியைப் பார் என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் நடத்தைக்கும் இன்னொரு நாள் நடத்தைக்கும் ஒட்டுறவு 0.30 என்றால், பல அளவீடுகளைச் சேர்த்தால் ஒட்டுறவு எவ்வளவு ஏறும் என்று சொல்லும் ஸ்பியர்மன்-பிரவுன் சூத்திரப்படி 14 நாள் சராசரிக்கும் மற்றொரு 14 நாள் சராசரிக்கும் அது 0.86 ஆகிறது. கல்யாண வீட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு 'சிடுமூஞ்சி' என்று முடிவுகட்டும் உறவினர் ஏன் தவறுகிறார் என்பதும், இரண்டு வாரம் ஒரே அறையில் தங்கியவர் ஏன் தவறுவதில்லை என்பதும் இதில் இருக்கிறது.

ராசி, கையெழுத்து, மனிதரைப் பதினாறு வகைகளாகப் பிரிக்கும் ஆளுமைத் தேர்வு இவற்றை ஆய்வுக்கு எடுக்கலாமா?

அவற்றை நம்புபவர்களை ஆராயலாம். 'எனக்கு அப்படியே பொருந்துகிறதே' என்பது சான்றாகாது. பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேரிடம் ஒரு தேர்வு நடத்தி, தனித்தனி அறிக்கை தருவதாகச் சொல்லி, சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே பத்தியை அனைவருக்கும் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் தந்த சராசரி மதிப்பெண் 5க்கு 4.26. ஆய்வு வெளியான ஆண்டு 1949.

பதினாறு வகைத் தேர்வின் கோளாறு வேறு. புறமுக மதிப்பெண்கள் நடுவில் குவிந்து இருபுறமும் சரிகின்றன. அந்தத் தேர்வு செய்வது போல நட்டநடுவே கோடு கிழித்து இரண்டு வகையாகப் பிரித்தால், கோட்டுக்கு அருகே இருக்கும் பெருங்கூட்டம் அடுத்த மாதம் மறுபக்கம் போய்விடும்.

ஆய்வுத் திட்டத்தை முன்பதிவு செய்யச் சொல்கிறார்களே, கட்டாயமா?

கட்டாயமில்லை, நான் வற்புறுத்துவேன். ஐந்து பண்புகள், நான்கு விளைவுகள், ஆண் பெண் எனத் தனித்தனி என்று போனால் 40 சோதனைகள். எந்த உறவுமே இல்லாவிட்டாலும் ஐந்து விழுக்காட்டு வரம்பில் சராசரியாக இரண்டு 'குறிப்பிடத்தக்கவை' என்று வரும். அந்த இரண்டை மட்டும் எழுதினால் அது கதை. தரவு திரட்டும் முன்பே எதை எதிர்பார்க்கிறோம், எவரை நீக்குவோம், எப்படிக் கணக்கிடுவோம் என்று ஓஎஸ்எஃப் என்ற ஆய்வுப் பதிவு இணையதளத்தில் தேதியோடு பதித்துவிடுங்கள். செலவில்லை.

இந்தத் துறைக்கு இதில் கொஞ்சம் பெருமைப்படவும் இடமுண்டு. குணங்களுக்கும் வாழ்க்கை விளைவுகளுக்கும் இடையே முன்பு சொல்லப்பட்ட 78 தொடர்புகளை கிறிஸ்டோபர் சோட்டோ மீண்டும் சோதித்து 2019இல் வெளியிட்டார். 87 விழுக்காடு நிலைத்தன.

நெறிமுறைக் குழுவின் அனுமதி வெறும் வினாநிரலுக்கும் வேண்டுமா?

வேண்டும். தரவு திரட்டிய பிறகு வாங்க முடியாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும். பெயரும் கைப்பேசி எண்ணும் தேவையில்லையென்றால் கேட்கவே கேட்காதீர்கள். துறைத் தலைவரை வகுப்பில் நிற்கவைத்துக்கொண்டு 'விருப்பமிருந்தால் நிரப்புங்கள்' என்று சொல்வது சம்மதம் ஆகாது.

பங்கேற்றவர் 'என் ஆளுமை எப்படி?' என்று கேட்டால் என்ன சொல்வது?

எல்லோரும் கேட்பார்கள். குறிப்பாகத் தாளைத் திருப்பித் தரும்போது, சற்றுக் கூச்சத்தோடு. தனிநபர் மதிப்பெண்ணைத் தராதீர்கள். 250 பேரின் சராசரிப் போக்கைக் காணப் போதுமான அளவுகோல், ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போதுமானதாக இருப்பதில்லை. பெண் பார்க்கும் இடத்தில் அந்தத் தாளைக் காட்டப் போவதாக ஒருவர் என்னிடம் சொன்னதும் உண்டு. ஆய்வு முடிந்ததும் மொத்த முடிவுகளை எளிய தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்புவதாகச் சொல்லுங்கள், தனித்தாளில் முகவரி வாங்கிக்கொள்ளுங்கள், மறக்காமல் அனுப்புங்கள். நான் அனுப்பியவற்றுக்கு இதுவரை வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: 'சரி, அதில் நான் எந்தப் பக்கம்?'